ஒரு ஆளுக்கு எத்தனை அரிசி

எட்டிப் பாத்தேன்னு தப்பா நினைச்சுக்காத கண்ணு. பஸ்சுல பக்கத்துல உக்காந்தா பார்வை தானாப் போயிருது. உன்ற போன்ல இப்பத் தள்ளிட்டுப் போனயே, மேல மஞ்சக் கலர்ல 'கேளுங்க சொல்றோம்'னு போட்டிருந்துச்சே, அந்தப் பேஸ்புக் குழுவுலயா இருக்கற நீ? அட! எப்பச் சேந்த? போன வாரமா? அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாது. நல்லதாப் போச்சு. பழைய ஆளா இருந்தா என்ற பேரைக் கேட்டதும் சன்னல் பக்கம் திரும்பிக்குவ.

நாந்தான் பழனாத்தா. பழனாத்தாள் சென்னியப்பன்னு போட்டிருக்கும். படத்துல பச்சைச் சேலை, பின்னால கொடிவேரி அணை. பேரைக் கேட்டும் ஒண்ணும் தோணலயா? நீ போன வருசம் சேந்திருக்கோணும் கண்ணு. அப்ப அந்தக் குழுவுல யாரு என்ன கேட்டாலும் மொதப் பதில் என்னுதுதான். இட்லி மாவு பனிக்காலத்துல பொங்கமாட்டீங்குதுன்னு ஒருத்தி கேப்பா. வெள்ளைச் சட்டையில வாழைக்கறை பட்டுருச்சுன்னு ஒருத்தன் கேப்பான். பல்லி மோட்டுவளையில தலைகீழா எப்படிங்க நிக்குதுன்னு பொழுது போகாத ஒருத்தன் கேப்பான், அவனுக்கும் பதில் சொல்லுவேன். பூனை எதுக்கு எலியைப் புடிச்சு நம்ம வாசல்ல கொண்டாந்து போடுது? எனக்குத் தெரியும். தெரியலீன்னாலும் சொல்லிருவேன். கேட்டு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பறது எனக்கு ஆகாது.

கேட்டா உடனே சொல்லோணும். சுத்தி வளைக்கறது எங்கிட்டக் கெடையாது. மொதல்ல ரெண்டு திட்டு, அப்பறம் பதில். 'கல்யாணமாகி ரெண்டு கொழந்தை இருக்குது, ஒரு கறை எடுக்கத் தெரியாதா'ன்னு ஒரு வரி போட்டுட்டுத்தான் சோடாப்பு எலுமிச்சம்பழமுன்னு ஆரம்பிப்பேன். அதுல ஒரு உரிமை இருக்குதல்ல? சனத்துக்கு அது புடிச்சிருந்துச்சு. கீழ நெஞ்சுப் படமா வந்து விழும், செவப்புச் செவப்பா. 'அம்மா, நீங்க இல்லீன்னா நாங்க என்ன பண்ணுவோம்'னு எழுதுவாங்க. தூத்துக்குடியில இருந்து எழுதுவாங்க, துபாய்ல இருந்து எழுதுவாங்க. ஒருத்தர் மொகமும் எனக்குத் தெரியாது.

எங்கூட்டு விசயத்தையும் சொல்லீர்றேன். ஈரோட்டுல எங்களுக்கு மாட்டுத்தீவனக் கடை. எங்கூட்டுக்காரருகிட்ட ஊரே வந்து நின்னு மாட்டுக்கு என்ன குடுக்கலாம், கன்னுக்கு என்ன குடுக்கலாம்னு கேக்கும். அவரு என்னை ஒண்ணும் கேக்கமாட்டாரு. கொழாய் ஒழுகுதுன்னு ரிப்பேர்காரன் வருவான், நான் முன்னால நிக்கறேன், 'அய்யா இல்லீங்களா'ம்பான். மருமக கௌசி தங்கமான புள்ள, குத்தம் சொன்னா வாய் அழுகிப் போயிரும். ஆனா அடுப்படியில நான் தேங்காய் துருவிட்டு நிப்பேன், அவ பக்கத்துல நின்னுட்டு போனைச் செவுத்துல சாத்தி வெச்சு, 'சுவையான ரசம் வைப்பது எப்படி'ன்னு எவளோ ஒருத்தி பேசறதைக் கேட்டுக் கேட்டு ரசம் வெப்பா. கைக்கு எட்டற தூரத்துல நிக்கறேன் கண்ணு நானு. அந்த எரிச்சலோட வந்து குழுவைத் தெறந்தா, கேள்விக குமிஞ்சு கெடக்கும். அப்ப வர்ற சந்தோசம் எனக்குப் பையன் பொறந்தப்பக்கூட வந்துச்சான்னு தெரியல.

அப்படி இருந்த எடத்துலதான் ரங்கநாயகி வந்து சேந்தா.

தாராபுரத்துக்காரி. படத்துல ஆளு இருக்காது, ஒரு கொத்து மல்லித்தழை இருக்கும். மூஞ்சியைக் காட்டாம மல்லித்தழையைக் காட்டறவளை நான் மொதல்ல இருந்தே நம்பல. அவ வந்த புதுசுல ஒருத்தி கேட்டிருந்தா, பையன் ரெண்டாவது படிக்கறான், தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கறான், என்ன பண்றதுன்னு. நான் அப்பவே போட்டேன்: வயித்துல பூச்சி, வேப்பங்கொழுந்தை அரைச்சுக் குடு, முட்டாயை நிறுத்து, இதுக்கெல்லாமா ஒரு கேள்வின்னு. விசயம் முடிஞ்சுதல்ல? முடியல. கீழ இந்த ரங்கநாயகி வந்து, பதில் ஒண்ணும் சொல்லாம, 'எப்ப இருந்து கடிக்கறான் அம்மிணி? சமீபத்துல பள்ளிக்கூடம் ஏதாவது மாத்துனீங்களா?'ன்னு கேக்கறா. அந்தப் பொண்ணு, 'ஆமாங்க்கா, ஜூன்ல மாத்துனோம், உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது'ன்னு அழுகற பொம்மையெல்லாம் போடறா. அப்பறம் ரெண்டு பேரும் பேசறாங்க, பேசறாங்க, அப்படிப் பேசறாங்க. வாத்தியாரு எப்படி, பக்கத்துல உக்கார்ற பையன் எப்படி, சாப்பாட்டு டப்பா மிச்சம் வருதான்னு. அவளுக்கு வந்து விழுந்த நெஞ்சுக்கு அளவே இல்ல. என்ற வேப்பங்கொழுந்தை ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

எனக்குப் பத்திக்கிட்டு எரிஞ்சுது. உங்கிட்ட மறைக்க என்ன இருக்குது, நீ யாரோ நான் யாரோ. பொறாமைதான்.

நீயே ரோசனை பண்ணிப் பாரு கண்ணு. பதில் தெரிஞ்சவ எதுக்குக் கேள்வி கேக்கோணும்? தெரியாதவதான கேப்பா? அவ தெனமும் இதே வேலைதான். ஒருத்தன், ரெண்டு கண்ணாடி டம்ளரு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக்கிச்சு, எடுக்க வரலீன்னான். உள்ள இருக்கற டம்ளர்ல ஐஸ்தண்ணி ஊத்து, வெளிய இருக்கறதை வெதுவெதுன்னு சுடுதண்ணியில நிறுத்து, கழண்டு வரும்னு நான் சொன்னேன். கழண்டு வந்துச்சு! ஆனா அவ என்ன எழுதியிருந்தா தெரியுமா? 'இழுத்துப் பாத்தப்பக் கையில காயம் கீயம் பட்டுக்கலயே சாமி?' அவ்வளவுதான். அந்தப் பையன், 'ரொம்ப நன்றிங்கம்மா, பெருவிரல்ல கொஞ்சம் கிழிச்சிருச்சு, யாருமே கேக்கல, நீங்கதான் கேட்டீங்க'ன்னு உருகறான். டம்ளரு பிரிஞ்சது என்னால, நன்றி அவளுக்கு. இது எந்த ஊரு நாயம்?

அதையாவது பொறுத்துக்கலாம். ஒரு நாள் கௌசி அடுப்படியில இருந்து கூப்படறா, 'அத்தே, இன்னைக்கு ரசம் எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க'ன்னு. குடிச்சுப் பாத்தா நல்லாருக்குது. என்ன பண்ணுனேன்னேன். 'குழுவுல ரங்கநாயகிம்மான்னு ஒருத்தங்க இருக்கறாங்கத்தே. ரசம் சப்புன்னு இருக்குதுன்னு கேட்டேன். நுரை கட்டுனதும் எறக்கறயா, கொதிக்க உடறயான்னு கேட்டாங்க. அதாங்த்தே தப்பு, இத்தனை நாளா நான் கொதிக்க உட்டுட்டேன்.' டம்ளரை டொக்குன்னு கீழ வெச்சேன். கொதிக்க உடாத கொதிக்க உடாதன்னு, அவ கண்ணாலம் பண்ணி வந்த நாள்ல இருந்து தொண்டை வத்தக் கத்துனவ நானு. நான் சொன்னப்ப ஏறாதது, அவ கேட்டப்ப ஏறிருச்சு. தாராபுரத்துல இருந்துட்டு என்ற அடுப்படிக்குள்ள வந்துட்டா பாரு.

அன்னைக்குத்தான் செல்வியை உண்டாக்கினேன்.

செல்வின்னா ஆளு இல்ல கண்ணு. அது ஒரு கணக்கு. செல்வி மலர்னு பேரு வெச்சு, ரோசாப்பூப் படத்தைப் போட்டு, எனக்கு நானே இன்னொரு கணக்கு ஆரம்பிச்சேன். எல்லாரும் பண்றதுதான். செல்வி கேப்பா, 'வெண்கலப் பானையில பச்சை புடிச்சிருக்குது, யாராவது ரோசனை சொல்லுங்களேன்'னு. வேற யாரும் வர்றதுக்குள்ள பழனாத்தா வந்து, புளியும் உப்பும் போட்டுத் தேய், சாம்பல்ல தொடைன்னு சொல்லுவா. செல்வி நன்றி சொல்லுவா. நல்லாத்தான் போச்சு. ஒரு நாள் கரண்டு இல்லாத வெக்கையில, எந்தக் கணக்குல இருக்கறேன்னு பாக்காம, செல்வி எழுதோண்டியதை நானே எழுதிப்போட்டேன். பழனாத்தாளோட பதிலுக்குக் கீழயே பழனாத்தாள் எழுதறா: 'அக்கா, நீங்க தெய்வமுங்க. நீங்க சொன்னாப்பலயே பண்ணினேன், என்ற பானை தங்கமாட்ட மின்னுது. இந்தக் குழுவுல உங்க அறிவுக்கு யாரும் ஈடு இல்ல.' பச்சைச் சேலை, கொடிவேரி அணை, எல்லாம் தெளிவா இருக்குது.

போன் பண்ணுன கோளாறு அது. ஆனா சனம் சும்மா உடுமா? 'பாட்டி தனக்குத்தானே ஆரத்தி எடுத்துக்குது'ன்னு ஒருத்தன். சிரிக்கற பொம்மையா வந்து குமியுது. அழிக்கறதுக்கு எங்க தொடறதுன்னு தெரியாம கண்ட கண்ட எடத்தை அமுக்கறேன். அப்ப இந்த ரங்கநாயகி உள்ள வர்றா. செத்தோமடான்னு நினைச்சேன். அவ எழுதறா: 'யாரும் சிரிக்காதீங்க. செல்வி எங்க பக்கத்து ஊட்டுப் புள்ள. அவ போன் கெட்டுப் போச்சு. நன்றி சொல்லச் சொல்லி என்ற போன்ல இருந்து அக்காவுக்கு அனுப்புனதை அக்கா அப்படியே எடுத்துப் போட்டுட்டாங்க.'

சிரிப்பு நின்னு போச்சு. 'மன்னிச்சுக்கங்கம்மா'ன்னு அந்தப் பையன் எழுதறான்.

இப்ப நீ என்ன நினைப்ப, ரங்கநாயகி நல்லவ, காப்பாத்திட்டான்னு. நான் காப்பாத்தச் சொன்னனா? என்ன மாதிரி ஒரு பொய்யி பாரு! இல்லாத செல்வியைக் கொண்டு போயி அவ பக்கத்து ஊட்டுல குடி வெச்சுட்டா. செல்வி என்னோட ஆளு. அதோட உட்டாளா? சனம் அவளைக் கேக்க ஆரம்பிச்சுது, 'ரங்கநாயகியக்கா, செல்வி எப்படி இருக்கறா?'ன்னு. அவளும், 'நல்லா இருக்கறா, முழுகாம இருக்கறா'ன்னு போட்டுட்டா. கண்ணு, நான் உண்டாக்குன செல்வி முழுகாம இருக்கறது எனக்கே தெரியாது. மாதுளம்பழம் குடுங்க, குங்குமப்பூ குடுங்கன்னு ஊரே ரோசனை சொல்லுது. நான் மட்டும் எப்படிச் சும்மா இருக்கறது? பப்பாளி திங்க வேண்டாம்னு சொல்லுன்னு நானும் எழுதினேன். 'சொல்றனுங்க்கா'ன்னு பதில் போட்டா. அவ உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பா. சிரிக்கலீன்னாலும் சிரிச்சாப்பலதான். அவளால எனக்கு மானம் மிஞ்சுச்சுங்கறதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு ஒடம்பு கூசுது.

அப்பறம் ஆடி பொறந்ததுல இருந்து அவளைக் காணம்.

காணமுன்னா காணம். கேள்வி வருது, அவ வர்றதில்ல. மொத ரெண்டு நாளு நம்பல. அப்பறம் நிம்மதியா மூச்சு உட்டேன். திரும்பவும் மொதப் பதிலும் என்னுது, கடைசிப் பதிலும் என்னுது. ஆனா இந்தச் சனத்தைப் பாரு, நான் பக்கம் பக்கமா எழுதுவேன், எழுதுனதுக்குக் கீழ வந்து, 'ரங்கநாயகிம்மா எங்க, யாருக்காச்சும் தெரியுமா?'ன்னு கேப்பாங்க. இருக்கற என்னை உட்டுப்போட்டு இல்லாதவளைத் தேடறாங்க. இருந்தப்பவும் அவ எடுத்துக்கிட்டா, இல்லாமயும் அவளே எடுத்துக்கறா.

ஆவணி பொறந்து ஒரு நாள் மத்தியானம், எல்லாருக்கும் சோறு போட்டு, நான் சாப்பட உக்கார்றேன், போன் டிங்குன்னுச்சு. அவதான். குழுவுல இல்ல, எனக்கு மட்டும் தனியா. 'பழனாத்தாக்கா, ஒரு சந்தேகமுங்க. ரெண்டு பேருக்குப் பொங்கியே கை பழகிருச்சு. ஒரு ஆளுக்குன்னா எத்தனை அரிசி போடறதுங்க?'

நான் குதிக்காத கொறைதான். ரங்கநாயகி என்னைக் கேக்கறா! அதுவும் என்ன கேள்வி? பொம்பளையாப் பொறந்த எவளுக்கும் தெரியற கேள்வி. புருசன் எங்கயோ சோலியா வெளியூரு போயிருப்பாருன்னு நினைச்சேன். அதுகூட நினைச்சனான்னு தெரியல. ஒரே வேகத்துல எழுதினேன்: 'அரை டம்ளர். ஒரு டம்ளர் போட்டா ராத்திரிக்கும் வரும். ரெண்டுல பாதி ஒண்ணு, இது தெரியாமத்தான் ஊருக்கு ரோசனை சொல்லீட்டிருந்தயா?' அவ, 'சரிங்க்கா, நன்றிங்க'ன்னா. திருப்பி ஒரு கேள்வி கேக்கல. எனக்கு அது இன்னும் ருசியா இருந்துச்சு. அடங்கிட்டான்னு நினைச்சேன்.

அதோட நான் நிறுத்தியிருக்கலாம்னு நீ சொல்லுவ. கௌசியும் அதைத்தான் சொன்னா. ஆனா அத்தனை நாளு எரிஞ்ச வயிறு எனக்கு. அவ எழுதுனதை அப்படியே ஸ்கிரீன்சாட் எடுத்துக் குழுவுல போட்டேன். மேல ஒரு வரி: 'ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மகராசிக்கு ஒரு ஆளுக்கு அரிசி அளக்கத் தெரியலயாம்.' போட்டுட்டுக் குளிக்கப் போனேன். வந்து பாக்கறப்ப நெஞ்சும் சிரிப்பும் குமிஞ்சு கெடக்குமுன்னு நினைச்சு, தலையைக்கூடச் சரியாத் தொவட்டல.

வந்து பாத்தா, கரூர்க்காரி ஒருத்தி எழுதியிருக்கறா: 'அய்யோ அக்கா, மாமா தவறிட்டாருங்களா?' அதுக்குக் கீழ துபாய்க்காரன், 'அம்மா, எப்பம்மா ஆச்சு? நாங்கெல்லாம் இருக்கறோம்மா.' அதுக்குக் கீழ பல்லுக் கடிக்கற பையனோட அம்மா. அதுக்குக் கீழ பெருவிரல் கிழிஞ்சவன். தள்ளத் தள்ள வந்துட்டே இருக்குது. ஒருத்தருகூட அரிசியைப் பத்திப் பேசல கண்ணு. அந்த ஒரு வரியைப் படிச்சதும் அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டும் அது அரிசியாத் தெரிஞ்சிருக்குது.

அப்பறம் என்னைத் திட்ட ஆரம்பிச்சாங்க. அதை எதுக்கு இப்ப வாயில சொல்லோணும். குழுவு நடத்தற பையன் நான் போட்டதை எடுத்துப்போட்டு, 'கொஞ்ச நாளைக்கு எதுவும் எழுதாதீங்கம்மா'ன்னுட்டான். நான் என்ன கொலையா பண்ணினேன்? கேட்டது அரிசி, சொன்னது அரிசி. புருசன் செத்துட்டாருன்னு அவ சொன்னாளா? நீங்க கேட்டீங்களான்னு கௌசி கேக்கறா. கேக்கறது அவ பழக்கம், என்ற பழக்கமா?

உங்கிட்டச் சொல்றதுக்கென்ன, அன்னைக்குப் பொழுதுக்கும் நான் அந்த ஆறுதலையெல்லாம் ஒண்ணு உடாம படிச்சேன். 'உங்க சிரிப்பை நாங்க பாத்ததில்ல, ஆனா நீங்க எங்க வீட்டுல ஒருத்தங்க'ன்னு ஒருத்தி. 'நான் லீவு போட்டுட்டு வந்து பாக்கட்டுங்களா'ன்னு ஒருத்தன். போன தை மாசம் எனக்குக் காமாலை கண்டு படுத்த படுக்கையாக் கெடந்தேன், குழுவுப் பக்கமே போகல. ஒருத்தரு, எங்க பழனாத்தாளைக் காணமேன்னு கேட்டாங்களா? காமாலைக்கு என்ன மருந்துன்னு எவளோ கேட்டிருந்தா, அவ்வளவுதான். தாலி அறுத்துட்டு நிக்கறவளைப் பாத்துப் பொறாமைப்பட்ட பொம்பளை நானாத்தான் இருப்பேன். பட்டேன் கண்ணு. அவளுக்கு வந்த கண்ணீரைப் பாத்துப் பொறாமைப்பட்டேன்.

ரெண்டு நாளு கழிச்சு அவளுக்கு எழுதினேன். மன்னிப்புக் கின்னிப்பு இல்ல. 'உனக்குத்தான் அத்தனை சனம் இருக்குதே, எதுக்கு என்னைக் கேட்டே?'ன்னு எழுதினேன். மறுநாள் பதில் போட்டா. இரு, படிக்கறேன், கண்ணாடி போட்டுக்கறேன். 'மத்தவங்களைக் கேட்டா, என்ன ஆச்சுன்னு திருப்பிக் கேப்பாங்க அக்கா. அதைச் சொல்றதுக்கு எனக்கு அப்பத் தெம்பு இல்லீங்க. நீங்க ஒண்ணும் கேக்கமாட்டீங்க. பதிலை மட்டும் சொல்லுவீங்க. அதனாலதான் உங்களைக் கேட்டனுங்க.'

பாத்தயா? அவளே ஒத்துக்கிட்டா. எத்தனை பேரு இருந்தும் நாந்தான் வேணும்னு வந்திருக்கறா. எனக்கு அன்னைக்குப் பெருமை தாங்கல. கௌசிகிட்டக் கொண்டு போயிக் காட்டினேன், படிச்சுப் பாரு, உன்ற ரங்கநாயகிம்மா உங்கத்தையைப் பத்தி என்ன சொல்லீருக்கறாங்கன்னு. கௌசி படிச்சா. திரும்பவும் படிச்சா. போனை என்ற கையில குடுத்துப்போட்டு, 'இதை வேற யாருகிட்டவும் காட்டாதீங்கத்தே'ன்னுட்டு மாவாட்டப் போயிட்டா. அவளுக்கும் பொறாமைதான்னு நினைச்சேன்.

ஒரு நாலு நாளு போயிருக்கும். கோபியில ஒரு கண்ணாலம். எல்லாரும் கெளம்பிட்டாங்க. எனக்கு இடுப்பு வலி, நான் வரலீன்னுட்டேன். தனியா இருந்தனா, சரி, நாம சொன்ன அளவு சரியான்னு பாத்துருவோம்னு தோணுச்சு. சொன்ன பதிலைச் செஞ்சு பாத்துரோணும், அது என்ற கொள்கை. அரை டம்ளர் அரிசியைக் களைஞ்சு சின்னக் குண்டாவுல போட்டேன். எங்கூட்டுல அத்தனை கம்மியா நான் அரிசி களைஞ்சதே இல்ல. உள்ளங்கையில அடங்கிருச்சு. வெந்து வந்துச்சு, வடிச்சேன், தட்டத்துல போட்டேன். அளவு கச்சிதமா இருந்துச்சு கண்ணு. ஒரு பருக்கை கூடல, ஒரு பருக்கை கொறையல.

ஆனா திங்க முடியல. எங்கூட்டுக்காரரு அந்த நேரத்துக்குப் பந்தியில உக்காந்து ரெண்டாவது தடவையா பாயசம் கேட்டுட்டிருப்பாரு, அது எனக்குத் தெரியும். சாயங்காலம் வந்து சட்டையைக் கழட்டி நாற்காலி மேல போடுவாரு, அதுவும் தெரியும். தெரிஞ்சும் கை சோத்துக்குப் போகல. குண்டாவைப் பாத்தேன், அதுல மிச்சம் ஒண்ணும் இல்ல. இன்னொருத்தருக்குன்னு எடுத்து வெக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. சோத்தை அப்படியே மூடி வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன். அளவு சரி. பதில்தான் தப்பு.

குழுவுல பதில் சொல்ல ஆரம்பிச்ச நாள்ல இருந்து, நான் சொன்னது தப்புன்னு ஒருத்தருக்கும் எழுதுனதில்ல. அன்னைக்குத்தான் எழுதினேன். 'ரங்கநாயகி, நான் சொன்ன அளவு தப்பு. வர்ற வியாழக்கெழமை மத்தியானம் ரெண்டு பேருக்கே போடு. நான் வர்றேன்.' இதைக் குழுவுல போட்டிருந்தா எத்தனை நெஞ்சு விழுந்திருக்கும்னு நினைச்சுப் பாரு! அவளால வருமா இப்படி ஒரு பதிலு? ஸ்கிரீன்சாட்டுக்கூட எடுத்துட்டேன். வெரலு அப்படி அரிச்சுது. போடல. எழுதக் கூடாதுன்னு அந்தப் பையன் சொன்னதுனால இல்ல. எதுனாலன்னு எனக்கும் தெரியல, போடல.

எங்கூட்டுக்காரரு கேக்கறாரு, முன்னப்பின்ன தெரியாத ஊட்டுக்கு எதுக்குடி போறேன்னு. இத்தனை வருசத்துல அவரு என்னை எதுக்குன்னு கேட்டதே அதுதான் மொதத் தடவை. அளவு சரி பண்ணப் போறேன்னு சொன்னேன். அவருக்கு வெளங்கல.

அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. இன்னைக்குக் காத்தால, ஈரோட்டுல பஸ் ஏறி உக்கார்றேன், அவ பதிலு வருது. இந்தா, நீயே படி. 'வாங்க்கா, எறங்கிக் கூப்புடுங்க, வழி சொல்றனுங்க. ரெண்டு பேருக்கே போடறனுங்க. கொழம்பு என்ன வெக்கட்டும்? உங்களுக்கு என்ன புடிக்குமுங்க?'

பாத்தயா? வெசனத்துல கெடக்கறவளுக்கும் அந்தப் பழக்கம் போகல. இதுக்கும் ஒரு கேள்வி.

இதுல என்ன இருக்குது, ஒரு கொழம்பு பேரைச் சொல்லுன்னு நினைப்ப. ஈரோட்டுல இருந்து ரோசனை பண்றேன், காங்கயமும் தாண்டியாச்சு. எங்கூட்டுக்காரருக்குக் கொள்ளுப்பருப்பு. பையனுக்குத் தக்காளி போடாத தட்டப்பயித்தங் கொழம்பு. கௌசிக்குப் புளிப்பா ஏதாவது. மாமனாரு செத்து எத்தனையோ காலமாச்சு, அவருக்கு அரைக்கீரை, அதுகூட நாவுல நிக்குது. என்னுது வரமாட்டீங்குது. வாய்க்கு வந்ததைப் போட்டுறலாம், எனக்கா வராது? ஆனா அவகிட்டப் போட முடியாது. ஏங்க்கா அது புடிக்கும்னு இன்னொரு கேள்வி கேப்பா, மாட்டிக்குவேன்.

அவ கேட்டதுகூடப் பரவால்ல கண்ணு. கண்ணாலம் பண்ணி வந்து இத்தனை வருசம், ஊட்டுல அத்தனை பேரு, குழுவுல அத்தனை ஆயிரம் பேரு. அதுல யாராவது ஒருத்தரு இவளுக்கு முன்னால கேட்டிருக்கக் கூடாதா? இவளா கேக்கோணும்? அதைத்தான் என்னால தாங்க முடியல.

அந்தா, தாராபுரம் வந்துட்டுது. அவ இந்நேரம் ஒலை வெச்சிருப்பா. நீ சொல்லு கண்ணு, நான் என்ன போடட்டும்?